துணைக்கு ஓர் ஆள்

அந்தப் படிவம் பதினொரு நாள் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் கிடந்தது. கரண்ட் பில், அப்பாவின் மாத்திரைச் சீட்டு, யாரோ கொடுத்துவிட்டுப் போன ஆடிக் கிருத்திகை அன்னதான நோட்டீஸ் இவற்றுக்கெல்லாம் நடுவே. ஒரே ஒரு தாள். ஜெராக்ஸிலிருந்து ஜெராக்ஸ் எடுத்து எழுத்தெல்லாம் மங்கியிருந்தது. மேலே உறுப்பினர் பெயர், வயது, முகவரி. கீழே ஒரு கட்டம்: வேலை தருபவர் பெயர், கையொப்பம்.

அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுத வேண்டும். நான் எழுதவில்லை.

"அவசரம் இல்ல பாப்பா, முடியும்போது போட்டுக் குடு" என்றுதான் அக்கா சொன்னார். அதற்குப் பிறகு ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஆனால் தினமும் ஃப்ரிட்ஜைத் துடைக்கும்போது அந்தத் தாளை எடுத்து, துடைத்துவிட்டு, அதே இடத்தில் வைப்பார். மூன்றாவது நாளிலிருந்து எனக்கு அந்தப் பக்கம் போகவே சங்கடமாக இருந்தது. பாலைக்கூட இன்னொருவரை விட்டு எடுக்கச் சொல்கிற அளவுக்கு.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. திருத்தணியிலிருந்து காலை லோக்கலில் போய் இரவு லோக்கலில் திரும்புகிறவள். ரயிலில் படிக்கிறவள். தொழிலாளர் வாழ்க்கையைச் சொல்லும் நாவல்களைப் பற்றி இரண்டு கட்டுரை எழுதியிருக்கிறேன். மே தினத்தன்று, 1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் கொடியேற்றியதைப் பற்றி வருஷா வருஷம் ஒரு பதிவு போடுவேன். இப்படிப்பட்ட ஒருத்திக்கு ஒரு கையெழுத்துப் போடப் பதினொரு நாள் ஆனது ஏன் என்பதைத்தான் இங்கே யோசித்துப் பார்க்கிறேன்.

*

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருஷம் ஆகிறது. வலது பக்கம் முழுக்கச் செயலிழந்துவிட்டது. பேச்சு ஏழெட்டு வார்த்தையாகச் சுருங்கிவிட்டது. ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர். ஊரில் பாதிப் பேருக்கு அவர் 'சார்'. அக்காவுக்கும் சார்தான்.

அக்கா பிறந்தது நகரிப் பக்கம், ஆந்திராவில். கட்டிக்கொடுத்தது இந்தப் பக்கம், திருத்தணியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் ஒரு கிராமம். காலை ஏழு மணிக்கு வருவார், மாலை ஏழுக்குப் போவார். டயப்பர் மாற்றுவது, உடம்பு துடைப்பது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, கஞ்சியை ஸ்பூனால் புரையேறாமல் கொடுப்பது, பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த மாதிரி கைகாலை நீட்டி மடக்குவது. மூன்று வருஷத்தில் அப்பாவுக்கு ஒரு படுக்கைப்புண்கூட வந்ததில்லை. இந்த நிலையில் ஒருவரை வீட்டில் வைத்திருந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். முதுகைத் தட்டிக்கொண்டே தெலுங்கில் ஏதோ பாடுவார். அப்பாவின் மிச்சமிருக்கும் ஏழெட்டு வார்த்தையில் 'பாடு' ஒன்று.

ஆள் தேடியபோது நாங்கள் எல்லோரிடமும் சொன்னது, "அப்பாவுக்குத் துணைக்கு ஒரு ஆள் வேணும்" என்பது. வேலைக்கு ஆள் என்று நாங்கள் சொன்னதே இல்லை.

இந்தத் 'துணை' என்ற சொல் எனக்கு வேறொரு இடத்தில் திரும்பக் கிடைத்தது. அமெரிக்காவில் 1974-இல் வீட்டு வேலை செய்பவர்களைக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அப்போதே ஒரு விலக்கையும் வைத்தார்கள். முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் வீட்டில் 'துணையாக இருப்பவர்களுக்கு' அது பொருந்தாது. எவ்லின் கோக் என்ற பெண் ஜமைக்காவிலிருந்து நியூயார்க்குக்கு வந்து, பல வருஷம் முதியவர்களைக் குளிப்பாட்டி, உணவூட்டி, சில நாள் இருபத்து நான்கு மணி நேரமும் கூடவே இருந்து வேலை பார்த்தவர். கூடுதல் நேரத்துக்குக் கூலி கேட்டு வழக்குப் போட்டார். 2007-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். அந்த நேரத்தில் அவரே சிறுநீரகம் செயலிழந்து பிறருடைய கவனிப்பை எதிர்பார்க்கும் நோயாளி. 2009-இல் இறந்துபோனார். அந்த விதியை 2013-இல்தான் மாற்றினார்கள், அது நடைமுறைக்கு வந்தது 2015-இல். துணை என்ற ஒரு சொல்லைத் தாண்டி வர நாற்பது வருஷம் ஆகியிருக்கிறது.

நம் ஊரில் இந்த மாதிரிச் சொற்கள் நிறைய இருக்கின்றன. அப்பாவுக்கு பிரஷர், சுகர் பார்க்க 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஒரு பெண் வருகிறார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட திட்டம் அது. நல்ல திட்டம், எங்கள் வீட்டுக்கு உண்மையிலேயே உதவியிருக்கிறது. ஆனால் வீடு வீடாக வெயிலில் நடந்துவரும் அந்தப் பெண்ணின் பெயர் ஊழியர் இல்லை, 'தன்னார்வலர்'. அவருக்குக் கிடைப்பதன் பெயர் சம்பளம் இல்லை, 'ஊக்கத்தொகை'. அங்கன்வாடியில் அதற்குப் பெயர் 'மதிப்பூதியம்'. அங்கன்வாடிப் பெண்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று நம் உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 ஏப்ரல் வரை ஆனது. அந்தத் திட்டமோ 1975-இல் தொடங்கியது.

கவனிப்பு என்று வந்தாலே, அதைச் செய்பவர் பெண் என்று வந்தாலே, கூலி என்ற சொல்லைத் தவிர மற்ற எல்லாச் சொற்களும் நம் வாயில் வருகின்றன. தொண்டு, சேவை, உதவி, துணை, புண்ணியம். அப்பர் உழவாரம் ஏந்திக் கோயில் கோயிலாகப் புல் செதுக்கினார் என்றால், அது அவர் தேர்ந்துகொண்டது. மறுநாள் அவர் செதுக்காமல் நடையைக் கட்டியிருக்கலாம். தொண்டுக்கு அந்தச் சுதந்திரம் அடிப்படை. அக்காவுக்கு அது இருந்ததா?

*

சங்கம் என்று அக்கா சொன்னபோது முதலில் எனக்கு மகளிர் குழுக் கடன் என்றுதான் தோன்றியது. "அது இல்ல பாப்பா. இந்த மாதிரி வூட்டுல வந்து பெரியவங்கள பாத்துக்கிறவங்க, வூட்டு வேல செய்றவங்க, எல்லாம் சேந்து ஒண்ணு வெச்சிக்கினு இருக்கோம்" என்றார். ஒரு டியூஷன் சென்டர் மாடியில், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறார்கள். இருபது பேர் இருக்கலாம். சென்னையிலிருந்து ஒரு அம்மா வந்து ஆரம்பித்துவைத்தாராம்.

அப்போது எனக்கு வந்தது வருத்தம். கோபம் என்று சொல்ல முடியாது, உள்ளே ஏதோ பட்டுவிட்ட மாதிரி. எங்க வீட்ல என்ன குறை? அக்கா என்றுதானே கூப்பிடுகிறோம்? பொங்கலுக்கு, தீபாவளிக்குப் புடவை எடுத்துத் தருகிறோமே? அவர் பெண்ணின் காலேஜ் ஃபீஸுக்கு அம்மா உயிரோடு இருந்திருந்தால் செய்திருக்கக்கூடியதை நானும் செய்தேனே?

இந்தப் பட்டியலைப் போட்டு முடித்த பிறகுதான் அது எவ்வளவு அசிங்கமான பட்டியல் என்று தெரிந்தது. நான் கணக்குப் பிரிவில் இருப்பவள், வேறு ஒரு கணக்கையும் போட்டுப் பார்த்தேன். தமிழக அரசு 2018-இல் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலியை அறிவித்தது. மணிக்கு 37 ரூபாயிலிருந்து தொடங்கும். நாங்கள் கொடுப்பது மாதம் பத்தாயிரம். ஒரு நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், மாதத்தில் முப்பது நாளும். 360 மணி நேரம். மணிக்கு 28 ரூபாய்கூட வரவில்லை. 2018-இன் அளவுப்படி பார்த்தாலே 13,320 ஆகிறது. இதில் இன்னொன்றும் இருக்கிறது. அக்காவின் சம்பளம் அப்பாவின் பென்ஷனிலிருந்து போகிறது. அகவிலைப்படி ஏறும்போதெல்லாம் பென்ஷன் ஏறியது. அக்காவின் பத்தாயிரம் மூன்று வருஷமாக அதே பத்தாயிரம்.

அவர் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதை நாங்கள் திருப்தி என்று எடுத்துக்கொண்டோம். சாப்பாடும் அப்படித்தான். மதியம் அக்கா பின்கட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிடுவார். "அவங்களே அங்கதான் உக்காருவாங்க, சொன்னா கேக்க மாட்டாங்க" என்று வருகிறவர்களிடம் நான் சொல்லியிருக்கிறேன். உள்ளே வந்து உட்காரச் சொல்லி எத்தனை முறை கூப்பிட்டேன் என்று யாராவது கேட்டிருந்தால் விரல் விட்டுச் சொல்லியிருப்பேன். ஒரு கை விரலே மிச்சமாகும். அப்பாவின் உடம்பில் அவர் கை படாத இடம் இல்லை. ஆனால் சாப்பிடும் இடம் மட்டும் பின்கட்டு. இது சாதி இல்லை, பழக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். நம் ஊரில் சாதி பெரும்பாலும் பழக்கமாகத்தான் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்.

'குடும்பத்துல ஒருத்தர் மாதிரி' என்கிறோம் இல்லையா? குடும்பத்தில் ஒருவருக்கு என்னென்ன உண்டு? சொத்தில் பங்கு உண்டு. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. 'என்னால முடியல, நீ பாரு' என்று அண்ணன் தலையில் கட்டிவிட்டுப் போகும் உரிமை உண்டு (என் அண்ணன் பெங்களூரிலிருந்து இதைச் சிறப்பாகச் செய்கிறான்). சாவு விழுந்தால் பிணத்தருகே உட்காரும் இடம் உண்டு. குடும்பத்தின் கடமைகளை எல்லாம் அக்காவிடம் கொடுத்துவிட்டு, இதில் எதையும் நாங்கள் கொடுக்கவில்லை. 'மாதிரி' என்ற அந்த ஒரு சொல் இவ்வளவையும் கழித்துவிடுகிறது.

படிவத்தில் என்னைக் குத்தியது அந்தக் கட்டம்தான். அது அக்காவை எனக்கு அந்நியராக்கியது. என்னை வேலை தருபவர் ஆக்கியது. அன்பு, பாசம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஒன்றின் நடுவே ஒரு கோடு போட்டது. மெல்ல மெல்லத்தான் புரிந்தது, அந்நியராக இருப்பதிலும் ஒரு மரியாதை இருக்கிறது. அந்நியருக்கு நாம் நேரத்துக்குக் கொடுப்போம். அந்நியரிடம் 'இன்னும் ஒரு மணி நேரம் இருங்க' என்று சொல்லத் தயங்குவோம்.

*

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

2003 ஜூலையில் தமிழ்நாட்டு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். பென்ஷன் உள்ளிட்ட சலுகைகள் பறிக்கப்பட்டதற்கு எதிராக. அரசு அத்தியாவசியப் பணிகள் சட்டத்தைக் கையிலெடுத்து, சுமார் 1,70,000 பேரை ஒரேயடியாக வேலையைவிட்டு நீக்கியது. அதில் அப்பாவும் ஒருவர். நான் மூன்றாம் வகுப்பு. அம்மாவின் செயின் அடகுக்குப் போனதும், அப்பா பகலில் வீட்டில் இருந்ததும் ஞாபகம் இருக்கிறது. அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு மலைக்குப் போகவில்லை. திருத்தணியில் கிருத்திகைக்கு மலையேறாத வீடு என்றால் ஒன்று தீட்டு, இல்லாவிட்டால் நொடிப்பு.

ஆகஸ்ட் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை கிடையாது, சட்ட உரிமை கிடையாது, தார்மீக நியாயமும் கிடையாது என்றது. நிபந்தனையற்ற மன்னிப்பும், இனி செய்ய மாட்டேன் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்தால் பெரும்பாலானோரைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. அப்பா எழுதிக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டார். பிறகு எப்போதாவது அந்தப் பேச்சு வந்தால், "நான் எழுதின ஒரே பொய் அது" என்பார்.

முதல் இரண்டையும் நீதிமன்றம் சொல்லலாம், அது அவர்கள் துறை. மூன்றாவது, தார்மீகம் என்பது? அதைத்தான் நான் ரயிலில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே போனேன். அன்று ஆசிரியர்களைப் பார்த்து ஊர் கேட்டது ஒரே கேள்வி: "புள்ளைங்க படிப்ப பணயம் வச்சுத்தானே இவங்க சண்ட போடறாங்க?" லேசாக ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி இல்லை அது. மில் நின்றால் துணி நெய்யப்படாது. 1918-இல் பெரம்பூர் பி அண்டு சி ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, வாடியாவும் திரு.வி.க.வும் முன்னால் நின்றபோது, தறி நின்றால் வலி முதலாளியின் பெட்டிக்குத்தான். பள்ளிக்கூடம் நின்றால் வலி குழந்தைக்கு. அக்கா நின்றால் வலி அப்பாவின் முதுகுக்கு.

அப்படியென்றால் கவனிப்பவர்களுக்குச் சங்கம் எதற்கு? அவர்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதத்தை எடுத்தால் வெட்டுப்படுவது முதலாளி இல்லையே?

இந்தக் கேள்வியோடுதான் நான் அந்த மாடிக்குப் போனேன். அக்கா கூப்பிடவில்லை, நானாகக் கேட்டுப் போனேன். வேலை தருபவர்கள் வரலாமா என்று அவர்கள் தங்களுக்குள் பேசி, "கடைசில உக்காந்துக்கோ, ஆனா நடுவுல பேசக் கூடாது" என்று அனுமதித்தார்கள். அண்ணன் வந்திருந்ததால் அன்று அவனை அப்பாவிடம் உட்காரவைத்துவிட்டு வந்திருந்தேன். அது தனிக் கதை.

பாதிப் பேச்சு தமிழ், பாதி தெலுங்கு. இந்த ஊரின் இயல்பு அது. 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி ஆந்திராவில் இருந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் வடக்கெல்லைக்காகப் போராடி மீட்டார்கள் என்று அப்பா வருஷா வருஷம் வகுப்பில் சொல்வார். கோட்டைத் தாண்டி நகரியில் பாதிச் சொந்தம் இருக்கும் பெண்களுக்கு அது பஸ் டிக்கெட்டில் மட்டும் தெரியும் எல்லை. அவர்களைத் தடுக்கும் எல்லை வேறு இடத்தில் இருந்தது. சென்னையிலிருந்து வந்திருந்த அம்மா அதைச் சொன்னார். 2013-இன் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில், வீடும் ஒரு பணியிடம் என்று எழுதியிருக்கிறது. 2020-இல் நிறைவேறி 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பில், வீட்டு வேலை 'தொழில்' ஆகாது என்று எழுதியிருக்கிறது. "அதாவது, ஒருத்தன் தப்பா நடந்துக்கிட்டா நீங்க நிக்கிற இடம் வேல செய்ற எடம். சம்பளம் கேட்டா அதே இடம் வெறும் வீடு" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

வாசற்படியில் நிற்கும் அந்தக் கோட்டை அழிக்க எவ்வளவோ பேர் முயன்றிருக்கிறார்கள். ஜீன் டெவோஸ் என்ற பெல்ஜியக் கன்னியாஸ்திரி 1985-இல் தேசிய வீட்டு வேலைத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கினார். தமிழ்நாட்டில் பெண் தொழிலாளர்கள் சங்கம் போன்றவை ஆண்டுக்கணக்கில் உழைத்தன. 2007-இல் இங்கே வீட்டுப் பணியாளர்களுக்கென்று தனி நலவாரியம் வந்தது. 2011 ஜூன் 16-இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு இவர்களுக்கான 189-ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஏற்பு மட்டும் இன்றுவரை அளிக்கவில்லை. இவர்களுக்குத் தனிச் சட்டம் வேண்டுமா என்று ஆராயக் குழு அமைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் மத்திய அரசிடம் சொன்னது.

கூட்டத்தின் நடுவே வயதில் சின்னவளாகத் தெரிந்த ஒரு பெண் எழுந்தாள். "நாம எல்லாரும் ஒரே நாள் வரலன்னு சொன்னா இன்னா ஆவும்? அப்பத்தான் தெரியும் அவங்களுக்கு."

சத்தமே இல்லை. பிறகு மூலையிலிருந்து ஒருவர், "எங்க தாத்தா ஈரத்துலயே கெடப்பாரும்மா" என்றார். 'எங்க தாத்தா' என்று அவர் சொன்னது அவருடைய தாத்தாவை இல்லை. இன்னொருவர், "எங்க பாட்டி நான் ஊட்டலன்னா வாயே தொறக்காது." அப்படியே ஒவ்வொருவராக. அந்தச் சின்னப் பெண் உட்கார்ந்துவிட்டாள்.

நான் தேடிப்போன கேள்விக்கு அங்கே பதில் கிடைத்தது, ஆனால் நான் எதிர்பார்த்த பக்கத்திலிருந்து இல்லை. அந்த இருபது பேரில் ஒருவர்கூட நோயாளியைப் பணயம் வைக்கத் தயாராக இல்லை. பணயம் வைத்தது யார் என்று யோசித்தேன்.

போன ஆடிக் கிருத்திகைக்கு அக்கா ஒரு நாள் லீவு கேட்டிருந்தார். பெண்ணுக்கு டைபாய்டு வந்து பிழைத்ததற்கு வேண்டுதல், புஷ்பக் காவடி. ஒரு மாதம் முன்பே சொல்லிவைத்தார். நான் என்ன சொன்னேன்? மாட்டேன் என்று சொல்லவில்லை. நல்லவர்கள் மாட்டேன் என்று சொல்வதில்லை. "அப்பாவ யாருக்கா பாத்துப்பாங்க?" என்றேன்.

அவ்வளவுதான். அன்றும் ஏழு மணிக்கு வந்தார். கூட்டத்தில் பஸ் எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டிருந்ததால் நடந்தே வந்தார். தெருவில் மஞ்சள் துணியும் பூக்காவடியுமாக அரோகரா என்று போய்க்கொண்டே இருந்தார்கள். அக்கா ஜன்னலைச் சாத்திவிட்டு அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்தார். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம், முருகன் எங்க பூடப் போறாரு" என்றார்.

அப்பாவின் உடம்பைப் பணயமாக வைத்தவள் நான். ஒவ்வொரு மாதமும், ஒவ்வொரு 'இன்னைக்கு மட்டும் எட்டு மணி வரைக்கும்' என்ற வேண்டுகோளிலும். அக்காவின் அன்பு நிஜம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அது நிஜமாக இருந்ததால்தான் அதன் மேல் ஏறி உட்கார முடிந்தது. அன்பில்லாத ஒருத்தியாக இருந்திருந்தால் காவடி எடுக்கப் போயிருப்பாள்.

ஈவா கிட்டே என்ற தத்துவவாதி 1999-இல் 'லவ்ஸ் லேபர்' என்று ஒரு புத்தகம் எழுதினார். அவருடைய மகள் பிறர் உதவியில்லாமல் வாழ முடியாதவர். பிரசவித்த தாயைப் பார்த்துக்கொள்ள வரும் பெண்ணை அவர் உதாரணம் காட்டுகிறார். அந்தப் பெண் குழந்தையைப் பார்த்துக்கொள்வதில்லை, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தாயைப் பார்த்துக்கொள்கிறாள். நமக்கு இது புதிதில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு எதற்கு? பேரனுக்காக மட்டுமா? பச்சை உடம்புக்காரியை மூன்று மாதம் தாங்குவதற்கு. யாரோ ஒருவரை நம்பித்தான் எல்லோரும் எழுந்து நின்றோம், ஆகவே தாங்குகிறவரைத் தாங்க வேண்டியது மற்றவர் கடமை என்கிறார் கிட்டே. நான் அம்பத்தூரில் கணக்கு எழுதுவது அக்கா அப்பாவைத் தாங்குவதால். அக்காவை யார் தாங்குவது என்ற கேள்விக்கு நான் வைத்திருந்த பதில், முருகன்.

அன்பை விலைபேசினால் அன்பு செத்துவிடும் என்று ஒரு பயம் இருக்கிறது. என் சிநேகிதி ஒருத்தி இதைச் சொன்னாள், நானும் கொஞ்ச நாள் நம்பினேன். ஆனால் அக்கா பாடுவதற்கு நாங்கள் காசு கொடுக்கவில்லை, படிவத்திலும் பாட்டுக்குக் கட்டம் இல்லை. புரட்டிப் படுக்கவைப்பதற்குச் சரியான கூலியும் ஒரு நாள் ஓய்வும் கிடைத்தால் பாட்டு நின்றுவிடுமா? எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. கொடுக்காமல் இருக்க முடிகிறவர் கொடுத்தால்தான் அது கொடை. போக வழியில்லாதவர் பாடும் பாட்டில் எவ்வளவு பாட்டு, எவ்வளவு பயம் என்று கேட்கிறவருக்குத் தெரியாது. பாடுகிறவருக்கே தெரியாமல் போகலாம்.

*

கூட்டம் வேலைநிறுத்தத்தில் முடியவில்லை. 'மாத்து ஆளு' என்பதில் முடிந்தது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. யாருக்கு ஓய்வோ அவர் நோயாளியை இன்னொரு உறுப்பினர் பார்த்துக்கொள்வார், அதற்கான கூலியை வீட்டார் தனியாகக் கொடுக்க வேண்டும். மாத்து ஆளுக்குக் கொடுக்க முடியாதவர்கள் அன்று தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். நோயாளி ஒரு மணி நேரம்கூட அநாதையாகக் கிடக்க மாட்டார். ஆனால் 'யாருக்கா பாத்துப்பாங்க' என்ற கேள்வி இனி அக்காவிடம் வராது.

சின்ன ஏற்பாடுதான். ஆனால் பெரிய இடங்களில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுவே. லாஸ் ஏஞ்சலஸில் வீட்டுக் கவனிப்பாளர்கள் வருஷக்கணக்கில் முட்டி நின்ற சுவர், நம் முதலாளி யார் என்பது. கவனிக்கப்படும் முதியவரா, கூலி கொடுக்கும் அரசா? கடைசியில் பேச்சுவார்த்தைக்கென்றே ஒரு பொது ஆணையத்தை உருவாக்கவைத்தார்கள். வேலைக்கு வைப்பதும் நிறுத்துவதும் நோயாளியின் கையிலேயே இருந்தது. மாற்றுத்திறனாளிகளில் பலர் அவர்களோடு நின்றார்கள், கூலி நன்றாக இருந்தால் கவனிப்பவர் ஓடிப்போக மாட்டார் என்பதால். 1999-இல் 74,000 பேர் சங்கத்தில் சேர்ந்தார்கள்.

எங்கள் ஊருக்குத் தணிகை என்று பெயர். சூரனோடும் பிறகு வேடர்களோடும் சண்டை போட்ட முருகனின் கோபம் தணிந்த இடம் என்பார்கள். அந்த மாடியில் இருந்தவர்களைப் பார்த்தபோது, கோபம் தணிய அது முதலில் வர வேண்டுமே என்று எனக்குத் தோன்றியது. இந்தப் பெண்களுக்கு வரவே நேரம் கிடைத்திருக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை, வண்டியைத் தவறவிட்டாலும் பரவாயில்லை என்று உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். 'வேலையின் தன்மை' என்ற இடத்தில் 'வயதானவருக்கு உதவி' என்று எழுதினேன். அக்காவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். தாளைத் தூரமாகப் பிடித்து மெதுவாகப் படித்தார்.

"உதவின்னா எழுதிக்கிற?"

"ஆமாக்கா."

"வேலன்னு எழுது பாப்பா."

அடித்துவிட்டு எழுதினேன். அடித்த இடத்திலும் ஒரு கையெழுத்துப் போடச் சொன்னார், கூட்டத்தில் அப்படிச் சொல்லியிருந்தார்களாம். உள்ளே போய் அப்பாவிடம் தாளைக் காட்டினேன். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. இடது கையால் தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை.

சம்பளம் பதினான்காயிரம் ஆனது. அண்ணனிடமிருந்து மாதம் நாலாயிரம் வாங்க நான் போட்ட சண்டையை எழுதினால் இதைவிடப் பெரிய கட்டுரை ஆகும்.

முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு மாத்து ஆளு வைக்கவில்லை. நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். காலையில் டயப்பர் மாற்ற முக்கால் மணி நேரம். கஞ்சி இரண்டு முறை புரையேறியது. பத்து மணிக்குப் புரட்டினேன், பன்னிரண்டுக்குப் புரட்டினேன். இரண்டு மணிக்கு இடது பக்கம் திருப்பியபோது செயலிழந்த கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. தலையணையை முட்டிகளுக்கு நடுவே வைப்பாரே, அது மேலேயா கீழேயா என்று சட்டென்று குழம்பிவிட்டது. அப்பா வலியில் முனகினார். ஒரு கையால் அவர் தோளைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் போனை எடுத்து அக்காவுக்குப் போட்டேன்.

அக்காவின் காலர் ட்யூன் ஒரு தெலுங்குப் பாட்டு. அப்பா முனகலை நிறுத்திவிட்டுப் போன் பக்கம் தலையைத் திருப்பினார். பாட்டு முழுசாக ஓடி முடிந்தது. அவர் எடுக்கவில்லை.